பேலட்டும் வோட்டும்: உத்திரமேரூர்க் குடத்துக்குள் இருந்தது எது?

2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ராஜகுளம் தொடங்கி உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் வரை, வாக்குச்சாவடிக்குப் போனவர்களுக்கு நிறத்துக்கு ஒன்றாகச் சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஆங்கிலத்தில் அந்தச் சீட்டுக்குப் பெயர் பேலட். அதில் முத்திரை குத்துபவர் தெரிவிக்கும் விருப்பத்துக்குப் பெயர் வோட். முத்திரை இரண்டு சின்னங்களின் மேலும் பட்டுவிட்டால் எண்ணும் மேசையில் அந்தச் சீட்டைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அப்போது பேலட் இருக்கும், வோட் இருக்காது. கிராம சபையில் ஒரு தீர்மானத்துக்குக் கையைத் தூக்கினால் அங்கே வோட் இருக்கும், பேலட் இருக்காது.

அகராதிகள் இரண்டுக்கும் நெருங்கிய பொருளே தருகின்றன. பத்திரிகைகள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டு எழுதுகின்றன. அன்றாடப் பேச்சில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவருக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் இந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது. 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வாக்குப்பதிவு நடந்தது' என்று பாடநூலும் மேடையும் சுற்றுலா வழிகாட்டிகளும் சொல்லிவருகிறார்கள். அந்தச் சுவரில் எழுதியிருப்பதோ பேலட்டைப் பற்றி மட்டும். வோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பேலட் ஏன் வோட் ஆகாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேலட் என்பது இத்தாலிய மொழியின் 'பல்லோட்டா'விலிருந்து வந்தது. சின்ன உருண்டை என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது கைக்குள் அடங்கும் ஒரு பொருளின் பெயராகவே நுழைந்தது. வோட் வந்த வழி வேறு. லத்தீனில் 'வோட்டும்' என்றால் நேர்ச்சை, சங்கல்பம், மனத்துக்குள் வைத்த விருப்பம். தமிழில் நாம் வாக்கு என்று வைத்துக்கொண்டது இதற்கு மிகவும் பொருந்துகிறது. வாக்கு என்றால் சொல். கொடுத்த சொல்லும் வாக்குதான். ஆக ஒன்று கையில் இருக்கும் பொருள், மற்றொன்று மனத்தில் இருக்கும் முடிவு. பொருளை எண்ணலாம், குலுக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முடிவை எண்ணத்தான் முடியும்.

இந்தக் காரணத்தால் பேலட் என்ற சொல் இன்றுவரை குலுக்கலையும் குறிக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள்தான் இடம்பெறும். அதைவிடப் பல மடங்கு கேள்விகள் வந்து குவியும்போது எது முன்னால் வர வேண்டும் என்பதைக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். அந்தக் குலுக்கலுக்கு அவை விதிகளில் உள்ள பெயர் பேலட். லண்டனில் மக்களவை உறுப்பினர்கள் தனிநபர் மசோதா கொண்டுவரும் வாய்ப்பைப் பெறுவதும் பேலட்டில்தான். 20 பெயர்களைக் குலுக்கி எடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1965 முதல் 1972 வரை இருபது வயது இளைஞர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு எடுத்தபோது, பிறந்த தேதிகளைக் குறிக்கும் எண்கள் பொறித்த உருண்டைகளை ஒரு பீப்பாயில் போட்டுச் சுழற்றி எடுத்தார்கள். யாருடைய பிறந்தநாள் வந்ததோ அவர் வியட்நாமுக்குப் போக நேரலாம். அதையும் மக்கள் பேலட் என்றே அழைத்தார்கள். எந்த இளைஞனும் அதில் தன் விருப்பத்தைச் சொல்லவில்லை. வோட் என்ற சொல்லை அங்கே யாராலும் பயன்படுத்தியிருக்க முடியாது.

இப்போது சுவருக்கு வருவோம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன, கி.பி. 919, 921 என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். 1898இல் தொல்லியல் துறையினர் இவற்றைப் படியெடுத்தார்கள். வி. வெங்கய்யா இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறு, ஆட்சி பற்றிய ஆய்வு நூலில் மீண்டும் மொழிபெயர்த்து விளக்கினார். இரண்டும் ஊரின் பெரிய சபை தனக்குத் தானே எழுதிக்கொண்ட விதிகள். அரசன் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்தார்: முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் முறை சோமாசிப்பெருமான்.

921ஆம் ஆண்டு விதி இப்படிப் போகிறது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுத வேண்டும். குடும்புவாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை ஒன்றை மேலே வைத்து, கட்டுகளைக் குடத்தில் இட வேண்டும். குறித்த நாளில் சிறியவர் பெரியவர் அனைவருமாகப் பெருஞ்சபை கூடும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் வந்தாக வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பான். நம்பிமார் அனைவரும் அதையே மீண்டும் வாசிப்பார்கள். அந்தப் பெயர் ஏற்கப்படும். இப்படி முப்பது குடும்புக்கும் முப்பது பேர். குடத்திலிட்ட ஓலையால் எடுக்கும் இந்த முறைக்குக் குடவோலை என்று பெயர்.

விரலை விரித்து வாங்க வேண்டும் என்ற விதியில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மடக்கிய விரலுக்குள் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கலாம் என்று இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிறுவன் எதுவும் அறியாதவனாக இருக்க வேண்டும், வாசித்ததைப் பலர் திரும்ப வாசிக்க வேண்டும், கட்டிலிருந்து நேராக எடுக்காமல் இரண்டாவது குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும் என்பதெல்லாம் யாருடைய விருப்பமும் உள்ளே புகுந்துவிடாதபடி வைத்த காவல்கள். வாக்குப்பதிவின் விதிகளை ஒரு மனிதனின் விருப்பம் சேதப்படாமல் எண்ணும் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். உத்திரமேரூர் விதிகளின் நோக்கம் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. அங்கே வேட்பாளர் இல்லை, வாக்காளரும் இல்லை. தகுதி உள்ளவரின் பெயர் தானாகவே ஓலையில் ஏறும். எனக்குப் போடுங்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கேட்டும் பயனில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை அந்நியமானது இல்லை. சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக மடித்துப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லும் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. திருவுளச்சீட்டு என்ற பெயரே அதன் நம்பிக்கையைச் சொல்லிவிடும்: முடிவு தெய்வத்தின் உள்ளத்தில் இருக்கிறது, சீட்டு அதை வெளியே கொண்டுவருகிறது. மாதம் ஒருமுறை கூடிக் குலுக்கல் சீட்டு எடுக்கும் பெண்கள், சீட்டை எடுக்க வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். உத்திரமேரூர்ச் சபையில் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் இருக்க வேண்டும் என்றதற்கும், உள்ளிருப்பதை அறியாத சிறுவன் கை நீட்ட வேண்டும் என்றதற்கும் இந்த மனப்பாங்கே வேர் என்று நினைக்கிறேன்.

கடல் கடந்தும் அதே சிறுவன் இருக்கிறான். வெனிஸ் நகரக் குடியரசு 1268 முதல் 1797இல் அது வீழும் வரை தன் தலைவரான டோஜைத் தேர்ந்தெடுத்த முறையில் குலுக்கலும் வாக்கும் மாறி மாறி வந்தன. பெரிய சபையிலிருந்து முதலில் குலுக்கலில் 30 பேர். அவர்களிலிருந்து குலுக்கலில் 9 பேர். அந்த 9 பேர் வாக்களித்து 40 பேர். அந்த 40இல் குலுக்கலில் 12 பேர். இப்படியே போய்க் கடைசியில் 41 பேர் கூடி டோஜைத் தேர்ந்தெடுப்பார்கள். உருண்டைகளை எடுக்க புனித மாற்கு தேவாலயத்துக்கு வெளியிலிருந்து ஒரு சிறுவனைக் கூட்டிவருவார்கள். அந்த உருண்டைதான் பல்லோட்டா. சிறுவனுக்குப் பெயர் பல்லோட்டீனோ. பேலட்டும் வோட்டும் ஒரே அறைக்குள் தனித்தனி வேலை செய்ததை வெனிஸில் தெளிவாகப் பார்க்கலாம். குலுக்கல் கட்சி கட்டுவதை உடைத்தது; வாக்கு தகுதியானவரைப் பொறுக்கியது.

உத்திரமேரூரும் எல்லாவற்றையும் குருட்டு வாய்ப்புக்கு விட்டுவிடவில்லை. குலுக்கலில் வந்த முப்பது பேரில், முன்பு வாரியங்கள் எனப்பட்ட ஊர்க் குழுக்களில், தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும், வேலை பார்த்தவர்களையும் கல்வியாலும் வயதாலும் மூத்தவர்களையும் பார்த்துப் பன்னிருவரைச் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு, எடுக்க வேண்டும். மிச்சமுள்ளவர்களில் பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்ற மற்ற இரண்டு குழுக்களுக்கும் தனியாகக் குடவோலை. பதவிக்காலம் 360 நாள். ஏரியும் தோட்டமும் பார்த்துப் பழகிய பிறகே ஆண்டு வாரியம் என்ற படிவரிசை இதற்குள் இருக்கிறது. வயிரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரியை நம்பிப் பிழைத்த ஊருக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்படித் தெளிவாக எழுதப்பட்ட ஒன்று வாக்குப்பதிவாக மாறியது எப்படி? கல்வெட்டை முதலில் படித்தவர்கள் குழப்பவில்லை. வெங்கய்யாவும் சாஸ்திரியும் குடவோலையைக் குடத்திலிடும் சீட்டு என்று சரியாகவே விளக்கினார்கள். காலம்தான் சொல்லை இழுத்துக்கொண்டு போனது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தியர்களுக்குத் தம்மைத் தாமே ஆளத் தெரியாது என்ற வாதத்துக்கு விடை தேவைப்பட்டது. ராதாகுமுத் முகர்ஜியின் பண்டைய இந்தியாவின் உள்ளாட்சி பற்றிய நூல் 1919இல் வந்தது, கே.பி. ஜெயஸ்வாலின் இந்து அரசியல் பற்றிய நூல் 1924இல் வந்தது. அந்தச் சூழலில் உத்திரமேரூர்ச் சுவர் ஓர் ஆயுதம் ஆனது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய பிரிவைக் கே. சந்தானம் முன்மொழிந்தபோது, சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் டி. பிரகாசம் எழுந்து இந்தக் கல்வெட்டை எடுத்துக்காட்டினார். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் பிரதமர் நரேந்திர மோடியும் இதைக் குறிப்பிட்டார். இந்த நூறாண்டுப் பயணத்தில் ஓலை வாக்குச்சீட்டாகவும், குடம் வாக்குப்பெட்டியாகவும் படிக்கப்பட்டன. பேலட் என்ற ஆங்கிலச் சொல் இரண்டு பொருளையும் ஏந்திக்கொண்டிருந்ததால் இந்த மாற்றம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. தமிழில் 'சீட்டு' என்ற சொல்லும் அதே உதவியைச் செய்தது. வாக்குச்சீட்டும் சீட்டு, குலுக்கல் சீட்டும் சீட்டு.

இதோடு அகநானூற்றின் 77ஆம் பாடலும் சேர்ந்துகொண்டது. மருதன் இளநாகனார் பாடியது. கயிற்றால் பிணித்த குடத்தின் முத்திரையைப் பார்த்து உடைத்து உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்பவர்களை அதில் ஓர் உவமையாகக் காட்டுகிறார். சங்க காலத்திலேயே குடவோலைத் தேர்தல் இருந்தது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். பாடலில் இருப்பது முத்திரையிட்ட குடமும் ஓலையும் எடுப்பவரும் மட்டுமே. எடுத்த ஓலைகளை எண்ணினார்களா, ஒன்றை மட்டும் பொறுக்கினார்களா, அல்லது அவை பாதுகாத்து வைத்த ஆவணங்களா என்று பாடல் சொல்லவில்லை. அந்த உவமையின் மேல் ஒரு தேர்தல் ஆணையத்தையே எழுப்பக் கூடாது என்பது என் கருத்து.

குலுக்கல் என்று சொன்னால் உத்திரமேரூரின் பெருமை குறைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஜனநாயகம் என்ற சொல்லையே உலகுக்குத் தந்த ஏதென்ஸ் தன் ஐந்நூற்றுவர் மன்றத்தையும் பெரும்பாலான அதிகாரிகளையும் குலுக்கலில்தான் எடுத்தது. வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது பத்துப் படைத்தலைவர்கள் போன்ற சில பதவிகளை மட்டுமே. போர்க்களத்தில் திறமை இல்லாதவன் கையில் நகரத்தைக் கொடுக்க முடியாது என்ற காரணத்தால். பதவிகளைக் குலுக்கலில் கொடுப்பது மக்களாட்சியின் இயல்பு, தேர்ந்தெடுத்துக் கொடுப்பது சிலராட்சியின் இயல்பு என்று அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலில் பதிவு செய்கிறார். 1748இல் மாண்டெஸ்கியூவும் அதே கருத்தை எழுதினார். தேர்ந்தெடுப்பது என்றாலே பணமும் குலமும் பேச்சுத் திறமையும் உள்ளவர் பக்கம் சாயும் என்பது அவர்கள் கண்ட உண்மை. ஊராட்சித் தேர்தலுக்கு முந்தைய இரவுகளில் என்னென்ன கை மாறுகின்றன என்று அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அயர்லாந்து 2016இல் தன் குடிமக்கள் பேரவைக்கு 99 சாதாரண மக்களைக் குலுக்கல் வழியில் அழைத்து, கருக்கலைப்புச் சட்டம் போன்ற கடினமான கேள்விகளை அவர்களிடம் கொடுத்தது. நம் சட்டமும் குலுக்கலை முற்றிலும் கைவிடவில்லை. இருவருக்குச் சமமான வாக்குகள் விழுந்தால் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது. 2017இல் மும்பை மாநகராட்சியின் ஒரு வார்டில் அப்படித்தான் நடந்தது. சீட்டை எடுத்தது ஒரு சிறுமி.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. குடத்துக்குள் யார் பெயர் போகும்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ளவர், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர், மந்திரப் பிராமணம் என்ற வேத நூல் அறிந்தவர். 919இல் வயது 30 முதல் 60 வரை; இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு அளித்த ஊர். அந்த நிலத்தை உழுதவர்களின் பெயரோ, அந்தக் குடத்தைச் சுட்டவரின் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ ஓலையில் ஏறாது. குலுக்கல் குடத்துக்குள் எல்லோரையும் சமமாக நடத்தியது. குடத்துக்கு வெளியே நின்றவர்களை அது பார்க்கவே இல்லை. வோட் என்ற சொல்லுக்கு உரிய இடம் இங்கேதான். 1950இல் அரசியலமைப்புச் சட்டம் நிலம், சாதி, கல்வி, பால் எதையும் கேட்காமல் வயது வந்த எல்லோருக்கும் வாக்கைக் கொடுத்தது. 1992இன் 73ஆவது திருத்தம் ஊராட்சியில் பட்டியல் சமூகத்தவருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியது. பராந்தகன் காலத்துச் சபையில் நுழையவே முடியாதவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அதே வட்டாரத்தில் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமர்கிறார்கள். அதைக் கொடுத்தது வாக்கு. அந்தக் கொடையைப் பத்தாம் நூற்றாண்டின் கணக்கில் எழுதினால், அதற்காகப் போராடியவர்களின் உழைப்பு மறைந்துபோகும்.

கல்வெட்டில் இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது வேறோர் இடத்தில் இருக்கிறது. கடந்த மூன்றாண்டுகளில் ஏதாவது வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை இடக்கூடாது. அவர் மட்டுமா? சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தந்தை, உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், மருமகன், மகன் என்று உறவுப் பட்டியலைக் கல்லில் வரிசையாக வெட்டிவைத்து அத்தனை பேரையும் விலக்கியிருக்கிறார்கள். கையூட்டு வாங்கியவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் யாருக்கும் இடமில்லை. பதவியில் இருக்கும்போது குற்றம் கண்டால் அப்போதே நீக்க வேண்டும். இதைச் சிலர் வாக்காளர் திரும்பப் பெறும் உரிமை என்று எழுதுகிறார்கள். வாக்காளரே இல்லாத ஊரில் அந்தப் பெயர் பொருந்தாது. இது தகுதியிழப்பு விதி.

நம் சட்டத்தில் இதற்கு மிக அருகில் வரும் பிரிவு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ. தேர்தல் செலவுக் கணக்கை முறையாகத் தாக்கல் செய்யாத வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். அது நாடாளுமன்ற, சட்டமன்ற வேட்பாளர்களுக்கானது. கேட்பது ஜெயிப்பதற்குச் செய்த செலவின் கணக்கை. உத்திரமேரூர்ச் சபை கேட்டது பதவியில் இருந்தபோது ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் செய்த காரியத்தின் கணக்கை. அதைக் கொடுக்காதவரின் மைத்துனனையும் மருமகனையும் சேர்த்தே அது வெளியே நிறுத்தியது. பதவி முடித்தவர் மூன்றாண்டு ஒதுங்கி இருக்க வேண்டும் என்ற விதி நம் ஊராட்சிச் சட்டத்தில் எங்கும் இல்லை.